பெயர் கூறி நின்ற அறப்போர்

படை கொண்டு சென்று பிறர் நாட்டைப் பிடிப்பது பழைய வழக்கம். பிறர் நாட்டுப் படைக்குத் தன் நாட்டிற் பாடம் கற்பித்தனுப்பி, அப்படையைக் கொண்டே அந்நாட்டு மக்களை அடக்கிவைப்பது புதிய வழக்கம். பழைய வழக்கத்தில் அடக்குவோன் முகம் தெரியும். அவன் கொடியும் தெரியும். "எம் மண்ணை விட்டுப் போ" என்று அவனை நோக்கிக் கூறலாம். புதிய வழக்கத்திலோ, சுடுவோனும் சுடப்படுவோனும் ஒரே மொழி பேசுவர்; ஒரே ஊரிற் பிறந்தவராகவும் இருப்பர். துப்பாக்கியும், அதைப் பிடிக்குங் கையைப் பழக்கிய பாடமும் மட்டுமே வெளிநாட்டிலிருந்து வந்தவை. இத்தகைய கொடுமையை எதிர்க்க விரும்புவோர் எவர் வாயிலிற் சென்று நிற்பது?

இவ்வினாவுக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டிலே சிலர் செயலால் விடை கண்டனர். அவ்விடையையே ஈண்டு ஆராயப் புகுந்தோம். பாடம் கற்பித்த பள்ளியின் வாயிலிலேயே அவர்கள் சென்று நின்றார்கள். கையில் ஆயுதம் இல்லை; இறந்தோர் பெயரெழுதிய சிறு மரச்சிலுவை இருந்தது. 1990ஆம் ஆண்டு தொடங்கிக் கால் நூற்றாண்டுக் காலம் ஆண்டுதோறும் அவ்வாறு நின்றனர். அவர்கள் கேட்டது கிடைத்ததா? கிடைக்கவில்லையெனின், நின்றதனால் யாது பயன்? இவ்விரண்டும் உழைத்துண்ணும் மக்களாகிய நாம் எண்ணிப் பார்க்கத்தக்கன.

பள்ளியும் அதன் மாணாக்கரும்

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946இல், பனாமாக் கால்வாய்ப் பகுதியிலே அமெரிக்கப் பட்டாளத்தார் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினர். நடு அமெரிக்க, தென்னமெரிக்க நாடுகளின் படைத்தலைவரும் படைவீரரும் அதன் மாணாக்கர். பாடங்கள் ஸ்பானிய மொழியில் நடந்தன. 1963இல் அதற்கு 'அமெரிக்க நாடுகளின் பள்ளி' என்னும் பெயர் இடப்பட்டது. கியூபாவிற் புரட்சி வென்று நான்கு ஆண்டே ஆகியிருந்த காலம் அது. அவ்வலை ஏனைய நாடுகளுக்கும் பரவிவிடுமோ என்ற அச்சம் வாஷிங்டனை ஆட்டிற்று. ஆதலின், அன்னியப் படையினின்று எல்லையைக் காக்கும் வித்தையைவிட, உள்நாட்டுக் கிளர்ச்சியை ஒடுக்கும் வித்தையே அங்குப் பேரிடம் பெற்றது.

உள்நாட்டுக் கிளர்ச்சி என்பது யாது? துப்பாக்கி ஏந்திக் காட்டிற் புகுந்தவன் கிளர்ச்சிக்காரன் என்பதில் ஐயமில்லை. ஆனால், நிலமில்லா உழவர்க்குச் சங்கம் கூட்டுபவன், கூலி உயர்வு கேட்பவன், ஏழைக்கு எழுத்தறிவிப்பவன் ஆகியோரையும் அதே வரிசையிற் சேர்த்தெண்ணும் மனப்பான்மை அந்நாடுகளின் படைத்தலைவரிடம் வேரூன்றியது. அதன் விளைவை இனிக் காண்போம்.

பனாமாக் கால்வாயைப் பற்றி 1977இல் ஏற்பட்ட உடன்படிக்கையின் பயனாக, 1984இல் அப்பள்ளி பனாமாவை விட்டு நீங்கிற்று. ஐக்கிய நாட்டின் தென்பகுதியாகிய ஜார்ஜியா மாகாணத்தில், கொலம்பஸ் நகரை அடுத்துள்ள பென்னிங் கோட்டை என்னும் பெரும் படைத்தளத்தில் அதற்கு இடம் தரப்பட்டது. அங்குப் பயின்று சென்றோர் தொகை அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டது. அவருட் சிலர் பின்னர்த் தத்தம் நாட்டை ஆயுத வலியால் ஆண்டனர். பொலிவியாவின் ஹ்யூகோ பன்செர், ஆர்ஜெந்தீனாவின் லியோபோல்டோ கல்தியேரி, பனாமாவின் மனுவேல் நொரியேகா ஆகிய மூவரும் அப்பள்ளியிற் பயின்றவரே.

காப்பித் தோட்டங்களின் நாடு

நடு அமெரிக்காவில் எல் சால்வடோர் என்பது மிகச் சிறிய நாடு. அதன் செல்வமெல்லாம் நெடுங்காலம் காப்பித் தோட்டங்களிலிருந்தே வந்தது. நிலம் சில குடும்பங்களின் கையில். உழைப்பு பல இலட்சம் மக்களின் தோளில். 1932இல் உழவர் கிளர்ந்தெழுந்தபோது அரசாங்கப் படை பல்லாயிரவரைக் கொன்று குவித்தது. அதன்பின் ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் பட்டாளத்தாரே அந்நாட்டை ஆண்டனர். தோட்ட முதலாளியும் படைத்தலைவனும் கைகோத்து நின்றால் உழைப்பாளியின் நிலை என்னாகும் என்பதை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1980இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1992 வரை நடந்தது. ஏறத்தாழ 75,000 பேர் மாண்டனர். அப்பன்னிரண்டு ஆண்டுகளில் ஐக்கிய நாடு எல் சால்வடோர் அரசுக்களித்த உதவி, சராசரியாக நாளொன்றுக்குப் பத்து இலட்சம் டாலருக்கு மேலாயிற்று.

தலைநகராகிய சான் சால்வடோரின் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ. அந்நாட்டிற் சமயத் தலைவர்கள் நெடுங்காலம் செல்வர் பக்கமே நின்றவர்கள். இவரோ தம் கண்முன் நடந்த கொலைகளைக் கண்டு மனம் மாறி, ஏழைகளின் பக்கம் வந்தார். 1980 பிப்ரவரியில் ஐக்கிய நாட்டுத் தலைவர் கார்ட்டருக்குக் கடிதம் எழுதி, படையுதவி அளிக்க வேண்டாவெனக் கேட்டார். மார்ச் 23ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, படைவீரரை நோக்கியே பேசினார். கொல்லும்படி இடப்பட்ட கட்டளைக்குக் கீழ்ப்படியும் கடமை எவனுக்கும் இல்லை என்றும், அடக்குமுறையை நிறுத்துமாறும் வேண்டினார். மறுநாள் மாலை, ஒரு மருத்துவமனைச் சிற்றாலயத்தில் வழிபாடு நடத்திக்கொண்டிருக்கையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலைக்குக் கட்டளையிட்டவர் ரொபெர்ட்டோ தாபுய்சோன் என்று ஐக்கிய நாடுகள் அவையின் உண்மை அறியும் ஆணையம் 1993இல் முடிவு கூறிற்று. அவர் 1972இல் அமெரிக்க நாடுகளின் பள்ளியிற் பாடம் கேட்டவர்.

மரத்தின்மேல் ஏறிய பாதிரியார்

ராய் பூர்ஷ்வா என்பவர் லூயிசியானா மாகாணத்திற் பிறந்தவர். பெயரைக் கண்டு வாசகர் மருளவேண்டா. முதலாளி வகுப்புக்கும் அவருக்கும் உறவில்லை. அவர் கடற்படை அதிகாரியாக வியத்நாம் சென்று காயமுற்று மீண்டவர். போரைக் கண்ட பின்னரே மேரிநோல் சபையிற் சேர்ந்து பாதிரியாரானார். 1972இற் பொலிவியா நாட்டின் லா பாஸ் நகர்ச் சேரியொன்றிற் குடிபுகுந்து ஐந்தாண்டு ஏழைகளோடு வாழ்ந்தார். பன்செரின் அரசாங்கம் அவரைச் சிறைப்பிடித்து நாட்டை விட்டு வெளியேற்றிற்று.

1983இல், எல் சால்வடோர் படைவீரர் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் பென்னிங் கோட்டையிற் பயிற்சி பெறுகின்றனர் என்பதை அறிந்தார். பள்ளி ஆங்கு வருவதற்கு ஓராண்டு முன்னர் நடந்தது இது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், அவரும் வேறிருவரும் படை அதிகாரிகளைப்போல் உடையணிந்து இரவில் உட்புகுந்தனர். அவ்வீரர்கள் உறங்கும் கொட்டகையை அடுத்த உயர்ந்த மரமொன்றில் ஏறினர். விளக்கணைந்த பின், தாம் கொண்டுசென்ற ஒலிப்பெட்டியை முடுக்கினர். கொலையுண்ட ரொமேரோவின் கடைசி ஞாயிற்றுப் பேச்சு, அவருடைய குரலிலேயே, அவருடைய நாட்டு வீரர்களின் செவியில் இருளினின்று விழுந்தது. காவலர் வந்து மூவரையும் இறக்கிச் சிறைப்படுத்தினர். பூர்ஷ்வாவுக்குக் கிடைத்த தண்டனை பதினெட்டு மாதம்.

துணிவு மிக்க செயலே. ஆயினும், மூவர் ஏறிய மரம் மூவரையே தாங்கும். ஆயிரவர் நிற்பதற்கு வேறிடம் வேண்டியிருந்தது.

எட்டுப் பெயர்

1989 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன், சான் சால்வடோரிலுள்ள நடு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துள் அட்லகாட்டில் என்னும் படைப்பிரிவினர் புகுந்தனர். போரை நிறுத்திச் சமாதானம் பேசவேண்டுமென்று வற்புறுத்திவந்த பேரறிஞர் இக்னாசியோ எல்லக்குரியா அப்பல்கலைக்கழகத்தின் தலைவர். அவரையும் அவரோடு வாழ்ந்த இயேசு சபைக் குருமார் ஐவரையும் கொன்றனர். சாட்சி எவரையும் விட்டுவைக்கலாகாது என்பது கட்டளை. ஆதலின், அவ்வில்லத்திற் சமையல் செய்த எல்பா ராமோஸ் என்னும் அம்மையாரையும், பருவம் முதிராத அவர் மகள் செலினாவையும் கொன்றனர். தாயும் மகளும் தம் குடிசைக்கருகில் வெடியோசை மிகுந்தமையால், குருமார் இல்லம் பாதுகாப்பானதெனக் கருதி அன்றிரவு அங்கே தங்கியவர்கள். அவ்வம்மையாரின் கணவர் தோட்டவேலை செய்பவர். குருமார் வீழ்ந்து கிடந்த இடத்திலே பின்னர் ரோஜாச் செடிகளை நட்டார்.

உலகப் பத்திரிகைகள் அறுவரைப் பற்றி எழுதின. அறிஞர் அறுவர் இறந்தனர் என்று வருந்தின. அவ்வருத்தம் முறையானதே. ஆனால் வாயிலிற் கூடிய மக்கள் எட்டுப் பெயரையும் எழுதினார்கள். பல்கலைக்கழகத் தலைவருக்கு எவ்வளவு நீளச் சிலுவையோ, சமையல் செய்த பெண்ணுக்கும் அவ்வளவு நீளச் சிலுவையே. அவர் பெயரை உரைத்த அதே குரலில் இவர் பெயரையும் உரைத்தார்கள். பிறப்பினாலும் தொழிலினாலும் உயர்வு தாழ்வு கற்பிக்கும் கொடுமையை எதிர்த்துப் போராடும் நமக்கு, இச்சிறு செய்கையின் பெருமை எளிதில் விளங்கும்.

பட்டியலோடு பட்டியல்

1990இற் பூர்ஷ்வா பென்னிங் கோட்டையின் தலைவாயிலுக்கெதிரே ஒரு சிறு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். அவ்வாண்டு அவருட்படப் பத்துப் பேர் வாயிலில் அமர்ந்து 35 நாள் உண்ணாநோன்பிருந்தனர். நவம்பர் 16ஆம் நாள், கொலை நடந்து ஓராண்டு நிறைந்தபோது, அவரும் லிட்டெக்கி என்னும் சகோதரர் இருவரும் பள்ளிக்குள் நுழைந்து, தம் இரத்தத்தை அங்குத் தெளித்துச் சிறைப்பட்டனர். அவ்விருவருள் சார்ல்ஸ் லிட்டெக்கி என்பார், 1967இல் வியத்நாம் போர்க்களத்திற் குண்டுமழைக்கிடையே இருபதுக்கு மேற்பட்ட வீரரைச் சுமந்து காத்தமைக்காக, ஐக்கிய நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் பெற்றவர். நடு அமெரிக்காவில் தம் அரசு செய்துவந்ததை வெறுத்து, அப்பதக்கத்தை 1986இற் கழற்றி வைத்துவிட்டவர். இத்தகையோரைக் கோழைகள் என்று எவரும் ஏசவியலாது.

உணர்ச்சியால் தொடங்கிய இவ்வியக்கம் ஆராய்ச்சியால் வலிமை பெற்றது. அரசாங்க ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமை ஐக்கிய நாட்டுச் சட்டத்தில் உண்டு. அச்சட்டத்தைக் கொண்டு, பள்ளியிற் பயின்றோர் பெயர்ப்பட்டியலைக் கேட்டுப் பெற்றனர். 1993 மார்ச்சில் உண்மை அறியும் ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பெயர் பெயராக ஒப்பிட்டனர். குருமார் கொலையில் ஆணையம் சுட்டிய 26 படையினருள் 19 பேர் அப்பள்ளியிற் பயின்றோர் என்பது வெளிப்பட்டது.

இரவும் பகலும் தாள்களைப் புரட்டும் இவ்வேலையை ஒருவரும் புகைப்படம் எடுப்பதில்லை. மேடையில் முழங்குவோர்க்குக் கிடைக்கும் மாலை இதற்குக் கிடைப்பதில்லை. எனினும் இவ்வேலையே போராட்டத்தின் முதுகெலும்பு. "கொடுமை, கொடுமை" என்று கூவினால் ஆள்வோர் செவிசாய்ப்பதில்லை. "இன்ன நாள், இன்ன இடம், இன்ன பெயர்" என்று காட்டினால் மறுமொழி கூறித் தீரவேண்டும்.

நின்ற முறை

ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களில், அந்நினைவு நாளை ஒட்டிய சனி, ஞாயிறு இரு நாளிலும் மக்கள் கூடினர். முதற்கண் விரல்விட்டு எண்ணக்கூடியவரே வந்தனர். 1997இல் ஏறத்தாழ இரண்டாயிரவர். 1999இல் ஏறத்தாழப் பன்னீராயிரவர். 2006இல் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் என்பது ஏற்பாட்டாளர் கணக்கு. மாணவர், தொழிற்சங்கத்தார், கன்னியர், பழைய போர்வீரர், எல் சால்வடோரிலும் குவாதமாலாவிலும் சுற்றத்தை இழந்து தப்பிவந்தோர் எனப் பலதிறத்தாரும் தொலைவூர்களிலிருந்து வந்து சேர்ந்தனர்.

வந்தோர் அனைவர்க்கும் ஒழுங்கு விதிகள் இருந்தன. எவரையும் கையாலோ நாவாலோ புண்படுத்தலாகாது, ஆயுதம், மது, போதைப்பொருள் எதுவும் கொண்டுவரலாகாது, எவ்வுடைமையையும் அழிக்கலாகாது. இவ்விதிகள் நடக்கின்றனவா என்று பார்க்கத் தொண்டர் நியமிக்கப்பட்டனர். சட்டம் தெரிந்தோர் சட்டத்தின் விளைவுகளை எடுத்துரைத்தனர். சிறை செல்ல எண்ணுவோர்க்கு முன்னரே பயிற்சி தரப்பட்டது. கொலம்பஸ் நகரத்தாரிற் பலர்க்குப் படைத்தளமே பிழைப்பு. வந்தவர்களை அவர்கள் விரும்பவில்லை, எதிர்க்கூட்டமும் கூட்டினர். அவர்களோடு பூசலிட்டால் பத்திரிகைகள் அப்பூசலையே எழுதும். இறந்தோர் பெயர் மறைந்துபோம். ஆதலாலேயே ஒழுங்கு உயிர்போற் காக்கப்பட்டது.

ஞாயிறு காலையில் இழவு ஊர்வலம் தொடங்கும். மேடையிலிருந்து ஒவ்வொரு பெயராக இராகத்தோடு உரைப்பர். சில பெயரோடு வயதும் உரைப்பர். அவ்வயதுகளுட் பல, பத்துக்கும் குறைந்தவை. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தார் அனைவரும் சிலுவையை உயர்த்தி, "பிரெசெந்தே" என்பர். ஸ்பானிய மொழியில் அதற்கு 'இங்கிருக்கின்றேன்' என்பது பொருள். மணிக்கணக்கிற் பெயர்கள் தொடரும்; அடியடியாகக் கூட்டம் வாயிலை நெருங்கும்.

இதன் பொருள் தோட்ட மக்களுக்குச் சொல்லாமலே விளங்கும். விடியற்காலைப் பெரட்டிற் கிராணியார் பெயர் கூப்பிடுங்கால், பெயருக்குரியவர் தாமே மறுமொழி கூறவேண்டும். கூறாவிடில் அன்றைய பெயர் இல்லை. பென்னிங் கோட்டை வாயிலிற் கூப்பிடப்பட்டவர்களோ மறுமொழி கூறமாட்டாதவர்கள். அவர்கட்காக, அவர்களை ஒருநாளும் கண்டிராத பல்லாயிரவர் "இங்கிருக்கின்றேன்" என்றனர். கணக்கினின்று நீக்கப்பட்டோரை மீண்டும் கணக்கிற் சேர்க்கும் செயல் அது.

தாண்டிய கோடு

கோட்டை வாயிலிலே தரையில் ஒரு கோடு உண்டு. அதற்கு அப்பால் படைத்தளம். அங்கு அரசியற் கூட்டம் நடத்தல் சட்டப்படி குற்றம். முதன்முறை தாண்டியோரிற் பெரும்பாலோர்க்கு, ஐந்தாண்டுக் காலம் உள்ளே வரலாகாதென்னும் தடைத்தாள் தரப்படும். மீண்டுந் தாண்டினால் ஆறு மாதம் வரை சிறை. 1997இல் 601 பேர் தாண்டினர். 1998இல் 2,319 பேர். 1999இல் 4,408 பேர். அத்துணைப் பேரையும் வைக்கச் சிறையில்லை. ஆதலின், பெரும்பாலோரைப் பேருந்துகளில் ஏற்றி வெளியே கொண்டுபோய் விட்டனர். மொத்தத்திற் சிறை சென்றோர் இருநூற்றுவர்க்கு மேற்பட்டோர்.

தடை செய்யப்பட்ட எல்லையைத் தெரிந்தே தாண்டிச் சிறைபுகும் இம்முறையின் மரபைத் தேடிச் சென்றால், அது நம்மவரிடத்தே வந்து சேரும். அமெரிக்கருக்கு இவ்வழியைக் காட்டியவர், அதே ஜார்ஜியாவிற் பிறந்த மார்ட்டின் லூதர் கிங். கிங் இம்முறையைக் கற்றது காந்தியாரிடமிருந்து. காந்தியார் இதனைப் பழக்கியது தென்னாப்பிரிக்காவில், 1913இல், ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றிருந்த நம் மக்களைக் கொண்டு. அவ்வாண்டு நவம்பர் 6ஆம் நாள் 2,037 ஆடவர், 127 பெண்டிர், 57 சிறுவர் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்தனர். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த தமிழரும் தெலுங்கருமே அவர்களிற் பெரும்பாலோர். அப்போராட்டத்திற் சிறைசென்று நோயுற்று, 1914 பிப்ரவரியில் உயிர் நீத்த சிறுமி தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை அறியாத தமிழர் இலர். தோட்டத்திலும் சுரங்கத்திலும் உழைத்த எளியோர் வகுத்த வழி, கடல்களைச் சுற்றி, உலகின் மிக வலிய அரசின் படைவாயிலுக்கு வந்து சேர்ந்தது. இதனை எண்ணி நாம் பெருமிதம் கொள்ளலாம்.

2001இல் தண்டனை பெற்றவருள் டொரத்தி ஹென்னெசி என்னும் கன்னியர் ஒருவர், வயது 88. அவர் தங்கையாகிய குவென் என்னும் கன்னியரும் உடன் நின்றார்; வயது 68. முதியவரைச் சிறைக்கனுப்ப மனமின்றி, மடத்திலேயே அடங்கியிருக்கும்படி நீதிபதி சலுகை காட்டினார். முதியவரோ அதனை மறுத்து, ஏனையோர்க்கு விதித்ததையே தமக்கும் விதிக்குமாறு கேட்டார். ஆறு மாதம் விதிக்கப்பட்டது. சலுகையை மறுப்பதும் சமத்துவத்தின் ஒரு கூறே என்பதை இம்மூதாட்டி நமக்குக் கற்பிக்கின்றார்.

சர்க்காரின் மறுமொழி

பள்ளியை ஆதரிப்போர் கூற்றையும் நேர்மையோடு கேட்டல் வேண்டும். அறுபதினாயிரவருட் சில நூற்றுவர் தீயோரானால் அது பள்ளியின் குற்றமாகுமா என்று அவர்கள் வினவினர். பலர் சில கிழமையே பயின்றனர் என்றும், அவர்கள் கற்றது வேறு, பின்னர்ச் செய்தது வேறு என்றும் வாதித்தனர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. கொலை செய்தவன் ஒவ்வொருவனும் அங்கேதான் கொலை கற்றான் என்று மெய்ப்பிக்க இயலாது. ஆனால், 1996 செப்டம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே வெளியிட்ட ஏழு பயிற்சி நூல்கள் அவ்வாதத்தின் வலியைப் பெரிதும் குறைத்துவிட்டன. 1982 முதல் 1991 வரை வழங்கிய அந்நூல்களில், அச்சுறுத்தல், அடித்தல், பொய்யாகச் சிறைப்பிடித்தல், எதிரியின் தலைக்கு விலை வைத்தல், கொலை ஆகியவற்றைச் சுட்டும் பகுதிகள் இருந்ததை அத்துறையே ஒப்புக்கொண்டது.

1999 ஜூலையில், பள்ளிக்குரிய பணத்தைக் குறைக்கும் தீர்மானம் கீழ்ச்சபையில் 230க்கு 197 என்னும் வாக்கில் வென்றது. பின்னர் இரு சபையாரும் கூடிப் பேசுகையில் அது கைவிடப்பட்டது. 2000 டிசம்பரிற் பள்ளி மூடப்பட்டது. 2001 ஜனவரியில் அதே இடத்தில், 'மேற்கு அரைக்கோளப் பாதுகாப்பு ஒத்துழைப்பு நிலையம்' என்னும் நீண்ட பெயரோடு திறக்கப்பட்டது. மாணாக்கர் ஒவ்வொருவர்க்கும் எட்டு மணி நேரமேனும் மனித உரிமை பற்றிப் பாடம் நடத்தவேண்டுமென்று புதிய சட்டம் விதித்தது. பெயர் மாறினால் பிறவி மாறுமா என்று கேட்டு, வாயிலில் நின்றோர் அவ்வாண்டும் வந்தனர். அப்போது கோட்டின்மேல் ஒரு வேலி எழும்பியிருந்தது.

நியூயார்க் நகரத் தாக்குதலுக்குப் பின், வருவோர் அனைவரையும் கருவி கொண்டு சோதிக்கவேண்டுமென்று கொலம்பஸ் நகராட்சி 2002இல் ஆணையிட்டது. இயக்கத்தார் வழக்காடினர். 2004இல் மேல்முறையீட்டு மன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒழுக்கமாகக் கூடிவந்த கூட்டத்தைக் காரணமின்றிச் சோதித்தல் அரசியற் சட்டத்துக்கு முரண் என்றது. பதின்மூன்றாண்டு ஒரு கலகமுமின்றிக் கூடிய வரலாறே அவர்களுக்குச் சான்றாயிற்று. ஒழுங்கு என்பது வெறும் அலங்காரமன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பயன் யாது?

இனி, முதலிற் கேட்ட வினாவுக்கு வருவோம். அவர்கள் கேட்டது பள்ளியை மூடவேண்டும் என்பது. பள்ளி, மாற்றுப்பெயரோடு இன்றும் நடக்கின்றது. படைத்தளத்தின் பெயரும் 2023இல் மாறி 2025இல் மீண்டும் பென்னிங் ஆயிற்று. இவ்வளவில் தோல்வி என்றே கூறுதல் வேண்டும். கூறாவிடில் நாம் வாசகரை ஏமாற்றியவராவோம்.

ஆனால், கணக்கின் மறுபக்கமும் உண்டு. 1990இல் அப்பள்ளியின் பெயரை அறிந்த அமெரிக்கர் மிகச் சிலர். பின்னர் அது பாராளுமன்றத்தில் ஆண்டுதோறும் வாதிடப்படும் பெயராயிற்று. மாணாக்கரை அனுப்பிவந்த நாடுகளே விலகத் தொடங்கின. 2004இல் வெனிசுவேலாவும், 2006இல் ஆர்ஜெந்தீனாவும் உருகுவேயும், 2012இல் ஈக்குவடோரும் நிக்கராகுவாவும் இனித் தம் வீரரை அனுப்புவதில்லை என்று அறிவித்தன. இயக்கத்தாரே நாடு நாடாகச் சென்று வேண்டியதும் இதற்கொரு காரணம். 2020 செப்டம்பரில், குருமாருட் ஸ்பானியர் ஐவரைக் கொன்றமைக்காக, எல் சால்வடோரின் முன்னாள் தளகர்த்தர் இனோசெந்தே மொந்தானோவுக்கு ஸ்பெயின் நாட்டு நீதிமன்றம் 133 ஆண்டுச் சிறை விதித்தது. கொலை நடந்து 31 ஆண்டுக்குப் பின் வந்த தீர்ப்பு அது. அவ்வளவு காலம் அப்பெயர்களை மறக்கவிடாது காத்தவர் பலர். வாயிலில் நின்றோரும் அவருள் அடங்குவர்.

2016இல் இயக்கத்தார் தம் கூட்டத்தைப் பென்னிங் கோட்டையினின்று நீக்கி, ஐக்கிய நாட்டுக்கும் மெக்சிகோவுக்கும் இடையிலுள்ள நொகாலெஸ் எல்லைக்குக் கொண்டுசென்றனர். நடு அமெரிக்காவில் வாழவொண்ணாமல் ஓடிவரும் ஏழைகளை அவ்வெல்லை தடுத்து நிறுத்துகின்றது. வன்முறையைப் பயிற்றும் இடத்திலிருந்து, அவ்வன்முறையால் வீடிழந்தோர் வந்து முட்டும் இடத்துக்குக் கூட்டம் நகர்ந்தது முறையே.

ஆண்டுதோறும் ஓரிடத்திற் கூடிப் பெயர் கூறுதல் சடங்காகிவிடாதா என்று சீர்திருத்தம் விரும்பும் நம்மவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே. திதி கொடுத்துக் கடமை முடிந்ததென வீடு திரும்பும் மக்களை நாம் அறிவோம். பொருளற்ற சொல்லைப் பழக்கத்தினாற் சொல்லுவது சடங்கு. அதனால் எவனுக்கும் இழப்பில்லை, எவனுக்கும் அச்சமில்லை. வாயிலிற் கூறிய பெயர் ஒவ்வொன்றின் பின்னும் ஆய்ந்தெடுத்த பட்டியலும், கோட்டைத் தாண்டிச் சிறைபுக ஆயத்தமான சிலரும், நாவடக்கிய பல்லாயிரவரும் இருந்தனர். இம்மூன்றும் உள்ளவரை அது சடங்காகாது. இவற்றில் ஒன்று குறையினும் சிலுவை வெறும் மரமே. பெயர் வெறும் ஒலியே.

தோழர்களே! கொல்லப்பட்டோரின் பெயரைக் கொன்றவர்கள் குறித்துவைப்பதில்லை. அவ்வேலை எஞ்சியிருப்போர் மேலது. கல்வியோ செல்வமோ வேண்டா அதற்கு. நெஞ்சுரமும், பொய் கலவாத கணக்கும், மறு ஆண்டும் வருவோம் என்னும் உறுதியும் போதும். எல்பா ராமோஸ் என்னும் சமையற்பெண்ணின் பெயர், அவர் கனவிலும் கண்டிராத ஜார்ஜியாவில், ஆள்வோர் செவியில் விழும்படி இருபத்தைந்தாண்டு ஒலித்தது. எளியோர் பெயரும் அழியாதென்று காட்டிய அம்மக்களின் உழைப்பை நாம் உணர்ந்து போற்றுவோமாக.